ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை?

கொல்கத்தாவில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கிருந்து அரை மணி அல்லது முக்கால் மணி ரயில் தூரத்திலுள்ள ஒரு சிறு நகரத்தில் குடியிருக்கலாமா? மாநகரத்து வாடகை கட்டுப்படியாகாத இளம் தம்பதிகள், பிள்ளை ஓடியாட இடம் வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், பணிமாற்றலில் வந்து லேக் மார்க்கெட் பக்கம் வீடு தேடிக் களைத்த தமிழ்க் குடும்பங்கள் எனப் பலர் கேட்கும் கேள்வி இது. காய்கறிக்கும் மருந்துக்கும் நடந்தே போய்வரலாம், பக்கத்திலேயே ரயில், சற்றுத் தள்ளிக் கங்கை என்றால் யாருக்கும் ஆசை வரும்.

அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் முடிவெடுக்கும்போது பலரும் அந்த ஊர் கொல்கத்தாவிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்க்கிறார்கள். அது இரண்டாவதாகப் பார்க்க வேண்டிய கணக்கு. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை, மறுமுனையில் ரயிலை விட்டு இறங்கி அலுவலகம் போய்ச்சேர எத்தனை நிமிடம் என்ற இரண்டையும்தான் முதலில் அளக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் 20 கிலோமீட்டர் பக்கம்தான். இவை பிசகினால் 8 கிலோமீட்டர்கூடத் தொலைவுதான்.

எந்த ஊர்கள்?

கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவிலிருந்து பந்தேல் போகும் ரயில் பாதையில் ஊர்கள் வரிசையாக வருகின்றன. உத்தர்பாரா, ஹிந்த்மோட்டார், கொன்னகர், ரிஷ்ரா, ஸ்ரீராம்பூர், ஷேவ்ராபுலி, பைத்யபாட்டி, பத்ரேஸ்வர், மான்குண்டு, சந்தன்நகர், சுஞ்சுரா என்று அந்த வரிசை நீளும். கிழக்குக் கரையில் சியால்தா பாதை. அதில் பெல்கரியா, சோதேபூர், கர்தஹா, பராக்பூர், நைஹாட்டி ஆகியவை வருகின்றன.

மேற்குக் கரைப் பாதை இந்தியாவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது 1856-இல்தான். 1957-இல் ஹவுராவிலிருந்து ஷேவ்ராபுலி வரை மின்சார ரயில் வந்தது. அன்றாடம் ரயிலில் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவர்களை இங்கே ‘டெய்லி பாசஞ்சர்’ என்பார்கள், மாத சீசன் டிக்கெட்டை ‘மந்த்லி’ என்பார்கள். தலைமுறைகளாக இப்படி வாழ்ந்த ஊர்கள் என்பதால் கடை திறக்கும் நேரம், ட்யூஷன் வகுப்பு, டாக்டர் அமரும் நேரம் எல்லாம் ரயில் நேரத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

இவை நடக்கத் தோதான ஊர்கள் ஆனது எப்படி?

இவற்றில் பல, மாநகரத்தின் நிழலில் முளைத்த குடியிருப்புகள் கிடையாது. தமக்கென்று நீதிமன்றமும் கல்லூரியும் சந்தையும் வைத்திருந்த தனி ஊர்கள். ஸ்ரீராம்பூர் 1755 முதல் டேனிஷ்காரர்களிடம் இருந்தது. நம் தரங்கம்பாடியும் அவர்கள் வசம்தான் இருந்தது. இரண்டையும் 1845-இல் ஒருசேர ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வில்லியம் கேரியும் அவருடைய கூட்டாளிகளும் 1818-இல் தொடங்கிய ஸ்ரீராம்பூர் கல்லூரி இன்றும் ஆற்றோரத்தில் நடக்கிறது. சந்தன்நகர் புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஊராக இருந்தது. 1910-இல் அரவிந்தர் கொல்கத்தாவை விட்டு முதலில் ஒளிந்திருந்தது அங்கேதான், பிறகே புதுச்சேரி வந்தார்.

இந்தப் பழமையால் இன்றைக்குக் குடிவருபவருக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. கார் வருவதற்கு முன்பே உருவான ஊர் என்பதால் வீடு, சந்தை, பள்ளி, படித்துறை எல்லாம் கால்நடையாகப் போகும் தூரத்துக்குள் அமைந்துவிட்டன. ஊரின் அமைப்பும் எளிது. கிழக்கே ஆறு, அதை ஒட்டிப் பழைய வீடுகள், பிறகு ஜி.டி. ரோடு எனப்படும் கிராண்ட் டிரங்க் ரோடு, கடைவீதி, ஸ்டேஷன், ரயில் பாதை. ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் இடைப்பட்ட அகலம் பல இடங்களில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர்தான். ஆகவே இந்தப் பட்டைக்குள், ஸ்டேஷனுக்கு நேராக எங்கே வீடு பிடித்தாலும் ஸ்டேஷன் சுமார் இருபது நிமிட நடைக்குள் வந்துவிடும்.

ரயில் பாதைக்கு மேற்கே கதை வேறு. டெல்லி ரோடு பக்கமாக விரியும் புதிய மனைகளில் வீடு பெரிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அங்கே தாழ்வான நிலமும் குளங்களும் அதிகம், கடைகள் குறைவு, எதற்கும் டோட்டோ பிடிக்க வேண்டும். டோட்டோ என்பது வங்காளம் முழுக்க ஓடும் பேட்டரி ரிக்‌ஷா. ஒரே ஊரின் பெயரைச் சொல்லி இரண்டு வீடுகளைக் காட்டினால், முதலில் கேட்க வேண்டியது அந்த வீடு பாதைக்குக் கிழக்கா, மேற்கா என்பது.

ஜி.டி. ரோட்டைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் அது குறுகலானது, நடைபாதையும் இல்லை. லாரி, பஸ், டோட்டோ எல்லாம் ஒன்றையொன்று நெருக்கும். இந்த ஊர்களில் நிம்மதியாக நடப்பது உள் தெருக்களில்தான், அதாவது ‘பாரா’ எனப்படும் குடியிருப்புப் பேட்டைகளுக்குள் ஓடும் சந்துகளில். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஜி.டி. ரோட்டில் நடக்காமல் ஸ்டேஷன் போய்ச்சேர வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வீட்டின் மதிப்பு கூடுகிறது.

பயணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

வீட்டுத் தரகர் ‘ஹவுராவுக்கு 35 நிமிஷம்’ என்பார். அது ரயில் ஓடும் நேரம் மட்டுமே. உங்கள் பயணம் வாசலில் தொடங்கி அலுவலக நாற்காலியில் முடிகிறது. அதை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் துண்டு, வீட்டிலிருந்து பிளாட்பாரம். நடந்தே போனால் இந்த நேரம் நாள்தோறும் மாறாது. டோட்டோவை நம்பினால் மழையிலும் பூஜை நாட்களிலும் மாறிக்கொண்டே இருக்கும். ரயிலைத் தவறவிடுவதும் பெரும்பாலும் இந்தத் துண்டில்தான். பன்னிரண்டு நிமிட நடைக்குள் வீடு கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டாம் துண்டு, ரயில். ஹவுராவிலிருந்து உத்தர்பாரா ஏறக்குறைய 20 நிமிடம், ஸ்ரீராம்பூர் 35, சந்தன்நகர் 50 நிமிடத்தை ஒட்டி. நேரத்தோடு சேர்த்து இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். சில ரயில்கள் சிறு ஸ்டேஷன்களில் நிற்காமல் போகும். அவற்றை இங்கே ‘கேலப்பிங்’ என்கிறார்கள். உங்கள் ஸ்டேஷனில் அவை நிற்குமா? அடுத்து, காலையில் உங்கள் ஸ்டேஷனிலிருந்தே புறப்படும் ரயில் உண்டா? ஸ்ரீராம்பூர் லோக்கல், ஷேவ்ராபுலி லோக்கல், பராக்பூர் லோக்கல் போல அங்கேயே கிளம்பும் வண்டி இருந்தால் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். உட்கார்ந்து போகும் 35 நிமிடத்தில் படிக்கலாம், கண் மூடலாம். நெரிசலில் தொங்கியபடி நிற்கும் 35 நிமிடம் அன்றைய நாளின் தெம்பையே எடுத்துவிடும்.

மூன்றாம் துண்டு, ஹவுராவிலிருந்தோ சியால்தாவிலிருந்தோ அலுவலகம். பலரும் மறந்துவிடும் துண்டு இதுதான். நகர மையத்திலுள்ள எஸ்பிளனேடில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீராம்பூரில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 10 நிமிடம், ரயிலுக்காகக் காத்திருப்பது 7, ரயிலில் 35, ஹவுராவில் இறங்கி மெட்ரோவுக்கு மாற 10, மெட்ரோவில் 7, கடைசி நடை 6. ஆக 75 நிமிடம். போக வர இரண்டரை மணி நேரம். மாதம் 22 வேலை நாள் என்றால் 55 மணி நேரம் பயணத்துக்கே போகிறது. இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்திலேயே இப்போதைய வீட்டிலிருந்து ஆகும் நேரத்தையும் எழுதுங்கள். பேஹாலாவிலிருந்தோ கரியாவிலிருந்தோ பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய்வருகிறவருக்குக் கூடுவது ஒரு வழிக்குக் கால் மணிதான். அலுவலகத்துக்கு நடந்து போகிறவருக்கு அது வாழ்க்கை முறையையே மாற்றும் இழப்பு.

மெட்ரோ கொண்டுவந்த மாற்றம்

இந்தக் கணக்கை அண்மையில் பெரிதும் மாற்றியது மெட்ரோவின் பச்சைத் தடம். 2024 மார்ச்சில் ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேட் வரை, ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் இடையே விடுபட்டிருந்த பகுதி திறக்கப்பட்டது. இன்று ஹவுரா மைதானத்திலிருந்து ஹவுரா, எஸ்பிளனேட், சியால்தா வழியாக சால்ட் லேக் செக்டர் ஃபைவ் வரை 16.6 கிலோமீட்டர் ஒரே தடமாகிவிட்டது.

முன்பெல்லாம் செக்டர் ஃபைவ் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு மேற்குக் கரையில் குடியிருப்பது பெரிய பாடு. ஹவுராவில் இறங்கி, பாலம் கடந்து, நெரிசலில் பஸ்ஸில் ஊர்ந்து போக வேண்டும். இன்று அது மெட்ரோவில் முடிகிற காரியம். எனவே பழைய அனுபவத்தை வைத்து ‘அங்கிருந்து முடியாது’ என்று சொல்கிறவர்களின் கணக்கையும் நீங்கள் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அலுவலகங்கள் நிறைந்த டல்ஹவுசி பகுதியில் வேலை என்றால் ஹவுராவிலிருந்து ஆற்றைக் கடக்கும் படகும் உண்டு. ஃபேர்லி படித்துறையில் இறங்கினால் பல அலுவலகங்கள் நடக்கும் தூரம்தான்.

ராஜார்ஹாட், நியூ டவுன் உட்பகுதியில் வேலை என்றால் நிலைமை அத்தனை எளிதில்லை. செக்டர் ஃபைவில் இறங்கி மறுபடி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அவர்களுக்கு சியால்தா பாதை ஊர்களே ஓரளவு தோது, பிதான்நகர் ரோடு ஸ்டேஷனில் இறங்கிவிடலாம்.

ஊர் ஊராக

உத்தர்பாரா: ஹவுராவுக்கு மிக அருகே. பக்கத்திலுள்ள பாலியிலிருந்து விவேகானந்தா பாலத்தைக் கடந்தால் தக்‌ஷிணேஸ்வர். அங்கே 2021 முதல் மெட்ரோ முனையம் இருக்கிறது. எனவே ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி உண்டு. 1859-இல் திறந்த ஜெயகிருஷ்ணா நூலகம் ஊரின் பெருமை. கொல்கத்தாவுக்கு அருகே என்பதால் பழைய வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழும் வேகமும் இங்கே அதிகம்.

ஸ்ரீராம்பூர்: நடந்து வாழ நினைப்பவருக்கு இந்த வரிசையில் நான் முதலில் சொல்லும் ஊர். துணைக்கோட்டத் தலைநகர் என்பதால் நீதிமன்றம், அரசு மருத்துவமனை, கல்லூரி, பெரிய சந்தை எல்லாம் உண்டு. எதிர்க்கரை பராக்பூருக்குப் படகில் போகலாம். ஹவுரா பாதையில் ரயில் தடைபட்டால் ஆற்றைக் கடந்து சியால்தா பாதையைப் பிடிக்கலாம் என்பது பெரிய வசதி.

சந்தன்நகர்: ஆற்றோரச் சாலையான ஸ்ட்ராண்ட் இந்தக் கரையிலேயே அழகான நடைவெளி. அதைப் பார்த்து மயங்கி வீடு பிடிப்பவர்கள் உண்டு. ஆனால் ஸ்ட்ராண்டிலிருந்து ஸ்டேஷன் எட்டம், தினமும் நடக்கப் பலருக்கு முடியாது. ரயில் நேரமும் கூடுதல். ஓய்வுபெற்றவருக்கும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கும் அருமையான ஊர். ஆறு நாளும் போக வேண்டியவர் யோசிக்க வேண்டும். ஜகத்தாத்ரி பூஜை நாட்களில் ஊரே விளக்கொளியிலும் கூட்டத்திலும் மூழ்கிவிடும். அது பிடித்தவருக்குக் கொண்டாட்டம், வீட்டில் நோயாளி இருப்பவருக்குச் சிரமம்.

பராக்பூர்: பழைய ராணுவக் குடியிருப்பு. மரம் அடர்ந்த தெருக்கள் உண்டு. சியால்தாவிலிருந்து 23 கிலோமீட்டர். மாற்றலில் வரும் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு கூடுதல் காரணம், பராக்பூரிலும் பக்கத்து இச்சாப்பூரிலும் கேந்திரிய வித்யாலயாக்கள் உள்ளன. மேற்குக் கரை ஊர்களில் வீடு பார்ப்பவர்கள் பள்ளியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். வங்காள வழிப் பள்ளிகள் நிறைய, நம் பிள்ளைகளுக்கு ஏற்ற ஆங்கில வழிப் பள்ளிகள் குறைவு.

கல்யாணி: முதல்வராக இருந்த பிதான் சந்திர ராய் காலத்தில் திட்டமிட்டுக் கட்டிய நகரம். அகலச் சாலைகள், மரங்கள், பல்கலைக்கழகம், எய்ம்ஸ் மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. ஆனால் சியால்தாவிலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீட்டர். ஊருக்குள்ளும் இடங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் நடையைவிட சைக்கிளுக்கே ஏற்றது. கடை பக்கத்தில் இல்லையென்றால் அகலமான சாலையால் நடப்பவருக்குப் பெரிய லாபம் இல்லை என்பதை இங்கே காணலாம்.

குடும்பத்தில் யாருக்கு லாபம், யாருக்குச் செலவு?

இந்த முடிவில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். இடம்பெயர்வதன் நன்மை ஒருவருக்கும், அதன் விலை இன்னொருவருக்குமாகப் பிரிந்துவிடுகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு, அதாவது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கும், நடக்கும் வசதியும் காற்றும் அக்கம்பக்கமும் கிடைக்கின்றன. தினமும் ரயிலேறுகிறவர் காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறார். அவர் அந்த ஊரைப் பகலில் பார்ப்பது விடுமுறை நாட்களில் மட்டும்தான்.

பொருளியலாளர்கள் புருனோ ஃப்ரேயும் அலோய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மனி மக்களின் தரவுகளை ஆராய்ந்து, நீண்ட நேரம் பயணம் செய்கிறவர்கள் வாழ்க்கையில் குறைந்த நிறைவையே சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டவில்லை. பெரிய வீட்டுக்கு நாம் சில மாதங்களில் பழகிவிடுகிறோம். தினசரி நெரிசலுக்கு அப்படிப் பழகுவது கடினம்.

எனவே ரயிலேறப் போகிறவரின் சம்மதம் இல்லாமல் இந்த முடிவை எடுக்காதீர்கள். கணவனும் மனைவியும் இருவருமே கொல்கத்தாவில் வேலை பார்த்தால் இன்னொரு கேள்வி வரும்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் யார் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேர முடியும்? தாத்தா பாட்டி உடன் இருக்கும் குடும்பத்துக்கு இதற்குப் பதில் எளிது. இல்லாதவர்கள் பதிலைக் கண்டுபிடித்த பிறகே வீடு பார்க்கப் போக வேண்டும்.

நேரில் சோதிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்த்தால் எல்லா ஊரும் நன்றாகவே இருக்கும். வேலை நாளில், காலை எட்டரை மணி ரயிலில் ஒருமுறை அலுவலகம் வரை போய்ப் பாருங்கள். மாலை ஆறரை மணிக் கூட்டத்தில் திரும்பி வாருங்கள். வேலைக்குப் போகும் பெண்கள் இரவு பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து பார்க்க வேண்டும். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, ஆள் நடமாட்டம் உண்டா என்பது அப்போதுதான் தெரியும். மகளிருக்கான ‘மாத்ருபூமி’ லோக்கல் உங்கள் நேரத்துக்கு ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

மழையையும் கணக்கில் எடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை. ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்க வழிகளில் தண்ணீர் தேங்கினால் பத்து நிமிட நடை அரை மணிச் சுற்றாகும். ஒரு கனமழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால் ஊரே உண்மையைச் சொல்லிவிடும்.

குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நகராட்சி தருவது சுத்திகரித்த ஆற்று நீரா, அடுக்ககத்தின் சொந்த ஆழ்குழாய் நீரா? வடக்கு 24 பர்கானா, நதியா, தெற்கு 24 பர்கானா மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் கலந்திருக்கிறது. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது. நிறத்திலோ சுவையிலோ தெரியாது, பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துத்தான் அறிய முடியும்.

மருத்துவ வசதி பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவு போன்றவற்றை இந்த ஊர்களிலேயே பார்த்துக்கொள்ளலாம். பெரிய இதய, நரம்பு சிகிச்சை மருத்துவமனைகள் பெரும்பாலும் கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், ஈ.எம். பைபாஸ் பக்கம் இருக்கின்றன. நள்ளிரவில் அங்கே போய்ச்சேர ஆகும் நேரத்தை, வீட்டில் இதய நோயாளி இருப்பவர்கள் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

வாடகையா, சொந்தமா?

முதலில் வாடகைக்குப் போங்கள். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தை, ஒரு மழைக்காலம் முழுதும் அடங்குமாறு மே மாதத்திலோ அதற்கு முன்போ தொடங்குங்கள். கொல்கத்தா வீட்டை விற்றுவிட்டு இங்கே வாங்குவது அதற்குப் பிறகு.

வாங்குவதென்று முடிவானால், சிறு ஊர்களில் அடுக்ககம் கட்டும் ‘புரமோட்டர்’ பெரும்பாலும் நிலச் சொந்தக்காரருடன் பங்கு பேசிக் கட்டுபவர் என்பதை நினைவில் வையுங்கள். நிலப் பத்திரம், நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம், கட்டி முடித்த சான்றிதழ், மேற்கு வங்க ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு ஆகியவற்றைக் கேளுங்கள். ‘பர்ச்சா’ எனப்படும் நிலப் பதிவேட்டில் அந்த இடம் எந்த வகை நிலம் என்று எழுதியிருக்கும். குளம் என்று இருந்தால் விலகிவிடுங்கள். குளத்தைத் தூர்த்துக் கட்டிய வீட்டுக்குச் சட்டச் சிக்கலும் உண்டு, மழைத் தண்ணீரும் உண்டு. நிலத்தை இங்கே கட்டா கணக்கில் சொல்வார்கள், ஒரு கட்டா 720 சதுர அடி.

முடிவாக

மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனும் சந்தையும் கால் மணி நடைக்குள் இருக்கின்றனவா? வாசலிலிருந்து அலுவலகம் வரை மொத்தப் பயணம் ஒன்றேகால் மணிக்குள் முடிகிறதா? தினமும் ரயிலேறப் போகிறவர் மனமுவந்து சம்மதிக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் போங்கள். இந்த ஊர்கள் தரும் வாழ்க்கையை மாநகரத்தில் பல மடங்கு பணம் கொடுத்தும் பெற முடியாது. இரண்டுக்கு மட்டும் ஆம் என்றால் வேறு தெருவில், வேறு ஊரில் தேடுங்கள். ஒன்றுக்குத்தான் ஆம் என்றால் இப்போதைய வீட்டிலேயே இருங்கள்.

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நடக்க முடிகிறது என்பதற்காகத்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். போன பிறகு நீங்களும் ஒரு கார் வாங்கிச் சந்தில் நிறுத்தினால், அடுத்து வருகிறவருக்கு அந்த ஊர் மிஞ்சாது. ஜி.டி. ரோட்டுக்கு நடைபாதை, ஸ்டேஷன் வழிக்கு விளக்கு, குளங்களுக்குக் காவல் ஆகியவற்றை நகராட்சியிடம் வார்டு உறுப்பினர் வழியாகக் கேளுங்கள். உள்ளூர்க்காரர்கள் நெடுநாளாகக் கேட்டுவருவதுதான் இது. புதிதாக வருகிறவர்களும் சேர்ந்து கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.